விசாவும் ஓர் அமான்



சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளி மண்டபத்தில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த தந்தையும் மகனும் ஒரு கோப்புடன் வந்து அருகில் அமர்ந்தனர். தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளாக லேத்தில் டர்னர் வேலை பார்ப்பவர். இரும்பைக் கடைந்து கடைந்து அவருடைய விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துவிட்டது. மகனோ அதே இரும்பைப் படித்து, உலோகங்கள் துருப்பிடிப்பது பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவனை ஓராண்டுக்கு வருகைதரு ஆய்வறிஞராக அழைத்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். தந்தையின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"ஹஜ்ரத், ஒரேயொரு கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதற்காகத்தான் வந்தோம்" என்றார்.

விசா விண்ணப்பத்தில் உள்ள கேள்வி அது. தொழில்சார் அமைப்பு, சமூக அமைப்பு, அறநிறுவனம் எதிலேனும் நீர் உறுப்பினராக இருந்ததுண்டா, நன்கொடை அளித்ததுண்டா, பணியாற்றியதுண்டா என்று கேட்கிறது. இத்தம்பி நான்கு ஆண்டுகளாக எங்கள் பைத்துல்மாலின் கணக்கர். விதவையருக்கான மாத உதவி, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஆதரவற்ற மய்யித்துகளின் அடக்கச் செலவு ஆகியவை எல்லாம் அவன் கையால் எழுதப்படும் நோட்டில்தான் இருக்கின்றன. ஆவடிச் சாலையில் விசா ஆலோசனை நிலையம் நடத்தும் ஒருவர், "இல்லை என்று போட்டுவிடுங்கள். பள்ளிவாசல், பைத்துல்மால் என்றெல்லாம் எழுதினால் உங்கள் பெயருக்கு விசா வராது" என்று சொல்லியிருக்கிறார். அந்த யோசனைக்குப் பணமும் வாங்கியிருக்கிறார். தந்தைக்கும் அதுவே சரியெனப் பட்டது. மகனுக்கு மனம் ஒப்பவில்லை.

"ஒரு வார்த்தைதானே ஹஜ்ரத்" என்றார் தந்தை.

இளங்கலை வரலாறு படித்துவிட்டு மத்ரஸாவுக்கு வந்தவன் என்பதால், மஹல்லாவில் எவர் வீட்டுக்கு ஆங்கிலத் தாள் வந்தாலும் அது என் மடியில் வந்து விழும். அன்று நான் உடனே விடை சொல்லவில்லை. கோப்பைத் தந்துவிட்டுப் போகச் சொன்னேன். மூன்று இரவுகள் அதைப் படித்தேன். நம் பிள்ளைகள் பலர் இன்று இந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆலோசனை நிலையங்களின் வாசலில் நிற்பதால், அறிந்துகொண்டதை இவ்விதழின் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இந்த விசாவுக்கு ஜே-1 என்று பெயர். பரிமாற்ற வருகையாளர் விசா என்று தமிழில் கூறலாம். இது வேலை தேடிச் செல்பவருக்கானதன்று, குடியேறச் செல்பவருக்கானதுமன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946ல், போரில் மிஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தில் அறிஞர்களையும் மாணவர்களையும் நாடுகளுக்கிடையே அனுப்பலாம் என்று ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க செனட்டர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பீரங்கி விற்ற காசில் கல்வி! இந்தியாவுடன் அதற்கான உடன்படிக்கை 1950 பிப்ரவரியில் ஏற்பட்டது. பின்னர் 1961ல் இயற்றப்பட்ட கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டமே இன்றைய ஜே-1 விசாவுக்கு அடித்தளம். வருகிறவர் கற்கவும் கற்பிக்கவும் வேண்டும், பிறகு தம் நாட்டுக்குத் திரும்பி, பெற்றதை அங்கே பயன்படுத்த வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கருத்து. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

எந்தப் பல்கலைக்கழகமும் நினைத்த மாத்திரத்தில் இந்த விசாவுக்கு ஆள் அழைத்துவிட முடியாது. அந்நாட்டு வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமே பொறுப்பேற்று அழைக்க வேண்டும். அழைக்கப்படுபவரின் தகுதி, ஆங்கில அறிவு, அங்கே தங்கும் காலத்துக்குப் போதிய பணம் ஆகியவற்றைச் சரிபார்த்த பின் அந்நிறுவனம் டிஎஸ்-2019 என்னும் சான்றுத் தாளை வழங்கும். எந்தப் பணிக்கு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எவர் செலவில் என்பதெல்லாம் அதில் இருக்கும். அறிஞர்களிலும் வகைகள் உண்டு. குறுகியகால அறிஞர் என்றால் ஆறு மாதம்தான், அதை நீட்டிக்க இயலாது. ஆய்வறிஞர் அல்லது பேராசிரியர் என்றால் ஐந்து ஆண்டு வரை இடமுண்டு. ஆனால் அவ்வகையில் ஒருமுறை சென்று பணியை முடித்துவிட்டால், மீண்டும் அதே வகையில் செல்ல 24 மாதங்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு மாதப் பணிக்காக ஆய்வறிஞர் என்று தாள் வாங்கிச் சென்று, அடுத்த ஆண்டு பெரிய வாய்ப்பு வந்தபோது போக முடியாமல் கையைப் பிசைந்தவர்கள் உண்டு. எனவே எந்த வகை என்பதை அழைக்கும் பேராசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அந்தத் தாள் கைக்கு வந்ததும் வருகையாளர் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். 2019 ஜூன் முதல் அது 220 டாலர். பிறகு டிஎஸ்-160 என்ற மின்னணு விண்ணப்பம், அதற்கான விசாக் கட்டணம் (2023 ஜூன் முதல் 185 டாலர்), கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு வேறொரு நாள். கட்டணங்கள் அவ்வப்போது மாறுகின்றன, மேலும் சேர்கின்றன. செலுத்தும் நாளில் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே முறை. மனைவியும் 21 வயது நிறையாத மணமாகாத பிள்ளைகளும் உடன் செல்ல ஜே-2 என்ற விசா உண்டு. அவரவர்க்குத் தனித்தனியே டிஎஸ்-2019 வேண்டும். அழைப்புப் பெற்றவர் பெண்ணாக இருந்து கணவர் உடன் செல்வதாயினும் இதே முறைதான். நம் சகோதரிகள் சிலர் அஞ்சுவதைப் போலப் புகைப்படத்துக்காக முக்காட்டை அகற்ற வேண்டியதில்லை. மார்க்கக் காரணத்துக்காகத் தலையை மறைத்திருக்கலாம். முகம் முழுவதும் தெரிய வேண்டும், அவ்வளவே. மூக்குக் கண்ணாடியைத்தான் கழற்ற வேண்டும்.

இனிப் பெயர் விஷயம். இதைப் பற்றி நம் சமுதாயத்துக்கென்றே ஒரு தனி நூல் எழுதலாம். முஹம்மது என்ற ஒரே திருப்பெயரைப் பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும், குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும், பட்டத்தில் மூன்றாம் விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறோம். போதாக்குறைக்குத் தந்தை பெயரை ஒற்றை எழுத்தாக முன்னால் போட்டுக்கொள்வது தமிழர் வழக்கம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெற்றிடமாக விட்டுப் பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறோம். அத்தகையவருக்கு அமெரிக்க விசா வழங்கும்போது முழுப் பெயரையும் குடும்பப் பெயரின் இடத்தில் அச்சிட்டு, சொந்தப் பெயரின் இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகளைப் போடுவார்கள். 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பது அதன் பொருள். ஆடறுத்து அகீகா கொடுத்து, காதில் பாங்கு சொல்லிப் பெயர் சூட்டிய பிள்ளைக்கு முதற்பெயர் அறியப்படவில்லையாம்! சட்டப்படி இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும் அங்கே போய் வங்கிக் கணக்குத் தொடங்கும்போதும், ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதும் அந்த மூன்றெழுத்து துரத்திக்கொண்டே வரும். இத்தம்பி விழித்துக்கொண்டான். பல்கலைக்கழகம் தாள் அனுப்புவதற்கு முன்பே அமைந்தகரை பாஸ்போர்ட் சேவை மையத்துக்குச் சென்று, தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டான். டிஎஸ்-2019ல் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பிள்ளையை முதன்முதலாகப் பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோர் இந்தப் பத்தியை இரண்டு முறை படிப்பார்களாக.

விண்ணப்பத்தில் பெற்றோரின் பிறந்த தேதியையும் கேட்டிருந்தார்கள். "என் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? பூந்தமல்லியில் பெருவெள்ளம் வந்த வருடம் என்று என் உம்மா சொல்லுவார்" என்றார் தந்தை. ஆலோசனை நிலையத்தார் ஜனவரி முதல் தேதி என்று தாமாகவே இட்டிருந்தார். தெரியாது என்று குறிப்பதற்கும் அந்தப் படிவத்தில் இடமிருக்கிறது. அதைக் காட்டியபோது பெரியவர் வியந்துபோனார்.

நான்காம் நாள் இருவரையும் அழைத்தேன். எங்கள் மத்ரஸாவில் மேல் வகுப்புக்கு ஓதிக்கொடுக்கும் ஹிதாயாவில், போரும் உடன்படிக்கையும் பற்றிய கிதாபில், முஸ்தஃமின் என்றொரு பாபு உண்டு. அடைக்கல உறுதி பெற்று அடுத்த நாட்டுக்குள் நுழைபவர் முஸ்தஃமின். அந்த உறுதிக்கு அமான் என்று பெயர். பகை நாட்டுக்கே ஆயினும், வாணிபத்தின் பொருட்டு அமான் பெற்று ஒரு முஸ்லிம் நுழைந்துவிட்டால், அங்குள்ளோரின் பொருளையோ உயிரையோ தீண்டுவது அவருக்கு ஆகுமானதன்று. அமானைக் கேட்டுப் பெற்றபோதே தீங்கு செய்யமாட்டேன் என்ற வாக்கை அவர் கொடுத்துவிட்டார். இனி மீறினால் அது வஞ்சகம், வஞ்சகம் ஹராம் என்பது அங்குள்ள சட்டம். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மர்கீனானி இமாம் எழுதியது. பகை நாட்டாரிடத்திலேயே இப்படி என்றால், அழைப்பு அனுப்பி, சம்பளமும் தந்து, ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிடும் நாட்டாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

"விசாவும் ஓர் அமான்தான் பாய். அவர்கள் கேட்கும் கேள்விக்கு நாம் தரும் பதில்தான் நம்முடைய வாக்கு. வாக்கைப் பொய்யில் தொடங்கினால் உள்ளே நுழைவதே வஞ்சகமாகிவிடும்" என்றேன்.

தந்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கிதாபை ஓதுகிறவனுக்கு இது எளிது, முப்பது ஆண்டு இரும்புத் தூளைச் சுவாசித்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவன் நான் என்பது அந்தப் பார்வை. ஆகவே உலக வழியிலும் விளக்கினேன். முக்கியமான செய்தியை வேண்டுமென்றே பொய்யாகக் கூறி விசா பெற முயன்றவர் என்று ஒருவரைப் பற்றி முடிவு செய்துவிட்டால், அவர் அந்நாட்டில் நுழையவே தகுதியற்றவர் ஆகிவிடுவார். இத்தனை ஆண்டில் தானாகவே நீங்கிவிடும் என்ற வரம்பும் அத்தடைக்கு இல்லை. ஒரு மறுப்பு என்பது ஒரு வாய்ப்பு போவது. பொய் என்று பதிவானால் எல்லா வாய்ப்பும் போகிறது. தட்டச்சு செய்தவர் ஆலோசகர் என்று சொல்லியும் தப்ப முடியாது. படிவத்தை நிரப்ப உதவியவர் யார் என்றும் அதிலேயே கேட்கிறார்கள். அனைத்தும் உண்மை என்று உறுதி கூறிக் கையொப்பமிடுபவன் மகனே அன்றி அவரல்லர்.

கேட்காததையெல்லாம் கொட்டுவதும் உண்மை பேசுதல் ஆகாது. நம்மவர் சிலர் அச்சத்தால் மறைப்பார்கள், வேறு சிலர் அதே அச்சத்தால் அளந்துகொண்டே போவார்கள். கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி. 'பள்ளிவாசலைச் சார்ந்த உள்ளூர் ஏழை நிவாரண நிதி' என்று எழுதுமாறு கூறினேன். தம்பி அப்படியே எழுதினான். சமூக ஊடகக் கணக்குகளும் அவ்வாறே. ஐந்தாண்டுகளில் பயன்படுத்தியவற்றைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். இந்த வகை விசாக்களுக்கு விண்ணப்பிப்போர் தம் கணக்குகளை எவரும் பார்க்குமாறு திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். எங்கள் தம்பியின் கணக்கில் துருப்பிடித்த பாலங்களின் படங்களும், சகோதரியின் நிக்காஹ் படங்களும்தான் இருந்தன. நள்ளிரவில் கோபத்தோடு எதையேனும் எழுதிப் பரப்பும் நம் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

தந்தைக்கு மற்றொரு கவலையும் இருந்தது. இந்த விசாவில் போனால் திரும்பி வந்து இரண்டு ஆண்டு இங்கேயே இருந்தாக வேண்டும், பிறகுதான் அங்கே வேலை விசாவோ நிரந்தரக் குடியுரிமையோ பெறமுடியும் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். அது முழுப் பொய்யன்று, இன்று முழு உண்மையும் அன்று. 1956 முதலே சட்டத்தில் இருக்கும் விதி அது. மூவருக்குப் பொருந்தும்: இரு அரசுகளில் ஒன்றின் பணத்தில் செல்பவர், மருத்துவ மேற்பயிற்சிக்குச் செல்லும் மருத்துவர், தம் நாட்டுக்கு இன்றியமையாதவை என்று பட்டியலிடப்பட்ட துறைகளைச் சார்ந்தவர். மூன்றாவதான அந்தப் பட்டியலில் இந்தியாவின் பெயர் நெடுங்காலம் இருந்தது, நம் விஞ்ஞானிகளில் மிகப் பலர் அதற்குள் சிக்கினர். 2024 டிசம்பர் 9ல் வெளியான புதிய பட்டியலில் இந்தியா இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியில் செல்லும் இத்தம்பிக்கு ஆகவே அந்தக் கட்டு இல்லை. ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் செல்வோருக்கும், மேற்பயிற்சி மருத்துவர்களுக்கும் இன்றும் உண்டு. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இரு நாட்டு மக்களின் வரிப்பணத்தில் படித்துவிட்டு, இரண்டு ஆண்டு சொந்த ஊரில் இரு என்று சொன்னால் அதைத் தண்டனை என்று கருதும் மனப்பான்மைதான் எனக்கு விளங்கவில்லை. ஆனால் இதைத் தந்தையிடம் நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் கேட்டது போதும்.

கோப்பில் காப்பீடு பற்றிய தாளும் இருந்தது. அதைக் கையிலெடுத்துப் படித்த பெரியவர், ஓரிடத்தில் விரலை வைத்து, "இது என்ன இருபத்தையாயிரம்?" என்று கேட்டார். ஜே-1 விசாவில் செல்பவருக்கும் உடன் செல்பவருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ ஒரு லட்சம் டாலர், சிகிச்சைக்காகத் தாயகம் கொண்டுவர 50,000 டாலர், இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்ப 25,000 டாலர் வரை அது ஈடு செய்ய வேண்டும் என்பது விதி. முதலிரண்டைச் சொன்னேன். மூன்றாவதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். மகன்தான் மெல்ல, "அத்தா, அது மௌத்துக்கு" என்றான்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர் என்னிடம், "ஹஜ்ரத், வஃபாத் ஆன ஊரிலேயே அடக்குவதுதானே நம் முறை?" என்று கேட்டார். ஆம், அதுவே சிறந்தது, ஜனாஸாவைத் தாமதிக்காமல் அங்கேயே நல்லடக்கம் செய்வதே சுன்னத்துக்கு நெருக்கமானது என்றேன். "அப்படியானால் அந்தப் பணம் தேவைப்படாது" என்றார். சொல்லிவிட்டுத் தாளை மடித்து மகனிடம் நீட்டினார். அவர் கை நடுங்கியதை நாங்கள் இருவரும் கண்டும் காணாதவர்போல் இருந்தோம். காப்பீடு கூடுமா என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வழக்கமான காப்பீட்டைப் பற்றி உலமாக்களிடையே உள்ள தடையும் தயக்கமும் தெரிந்ததே. சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில், அந்தக் கட்டாயத்தின் அளவுக்கு எடுத்துக்கொள்ள இடமளிப்போர் அவர்களிலேயே பலர். விவரத்தை உங்கள் ஊர் முஃப்தியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்காணல் நாளில் தம்பி பஜ்ருத் தொழுதுவிட்டு அம்பத்தூரிலிருந்து புறப்பட்டான். அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்துக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதியில்லை. ஆகவே தந்தையும் உடன் சென்று, மகனின் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றார். உள்ளே நேர்காணல் சில நிமிடங்களே நடந்தது. என்ன ஆய்வு, யார் செலவு, முடிந்ததும் என்ன செய்வாய் என்ற கேள்விகள். திரும்பி வந்து தன் கல்லூரியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைக்க எண்ணம் என்று சொல்லியிருக்கிறான். கல்லூரி விடுப்பளித்த கடிதத்தையும் காட்டியிருக்கிறான். அந்த நிவாரண நிதி என்பது என்ன என்றும் அதிகாரி கேட்டார். விதவையருக்கு அரிசியும் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் என்றான். அவர் தட்டச்சு செய்துகொண்டார். பிறகு உலோகத்தைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி. கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, உன் விண்ணப்பம் கூடுதல் பரிசீலனையில் இருக்கிறது, ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலையும் ஆய்வுத் திட்டத்தையும் அனுப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

குடிவரவுச் சட்டத்தின் 221(ஜி) என்ற பிரிவு அது. அறிவியல், தொழில்நுட்பத் துறையினர் பலருக்கும், ஒரே மாதிரியான பெயர் கொண்ட பலருக்கும் நேர்வதுதான். ஆனால் ஒரு கொடுமை உண்டு. விண்ணப்பம் எந்நிலையில் உள்ளது என்று இணையத்தில் பார்த்தால், பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதே 'மறுக்கப்பட்டது' என்ற சொல்தான் தெரியும். அந்தத் தாளில் உள்ளபடி ஆவணங்களை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர் அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. முடிவு வந்ததும் அச்சொல் மாறும். இதை வீட்டாரிடம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போது தெரியாது. தம்பியின் தங்கை அன்று மாலை அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சொல்ல, வீடே மய்யித்து வீடு போலாகிவிட்டது.

அதன்பின் ஏழு வாரம் பெரியவர் என்னோடு பேசவில்லை. ஸலாமுக்குப் பதில் சொல்வார், ஸஃப்பில் வேறோர் இடத்தில் போய் நிற்பார். அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். "இல்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால்..." உண்மையைச் சொல்வதானால், அதே எண்ணம் சில இரவுகளில் என் மனத்திலும் ஓடியது. கிதாபில் சரியாக இருந்த ஒன்றைச் சொல்லி ஒரு பிள்ளையின் வாழ்வைக் கெடுத்துவிட்டேனோ என்று தஹஜ்ஜுதில் அழுதிருக்கிறேன்.

அந்த நாட்களில் அப்துல் கலாம் அவர்களைப் பலமுறை நினைத்துக்கொண்டேன். இராமேசுவரத்துப் படகுக்காரரின் மகன் 1963ல் அமெரிக்காவின் நாசா நிலையங்களுக்குப் பயிற்சிக்குச் சென்றார். அங்கே வாலப்ஸ் தீவின் வரவேற்பறையில், ஆங்கிலேயரை ராக்கெட்டுகளால் எதிர்க்கும் திப்பு சுல்தானின் படையைத் தீட்டிய ஓவியம் ஒன்றைக் கண்டதாகத் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் அவர் குறிப்பிட்டிருக்கிறார். நாம் மறந்த திப்புவை அவர்கள் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். கற்றுக்கொண்டு அவர் திரும்பினார். அவ்வாண்டு நவம்பர் 21ல் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அதே கலாம் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பின், 2011 செப்டம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்ட பிறகும் சோதனை செய்யப்பட்டார். அவருடைய மேலங்கியையும் காலணியையும் வாங்கிச் சென்று பார்த்தார்கள். பின்னர் அந்நாட்டு அரசு வருத்தம் தெரிவித்தது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கலாமுக்கே அப்படி என்றால் நமக்கு எதற்கு இந்தப் பயணம் என்று கேட்போர் நம்மில் உண்டு. நான் அவ்வாறு கேட்கமாட்டேன். ஆயினும் அந்தச் செய்தி வலிக்கவில்லை என்று பொய்யும் சொல்லமாட்டேன்.

தாமதம் எதனால் என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. பைத்துல்மாலினாலா, துருவினாலா, பெயரினாலா? அந்த ரகசியம் அவர்களிடமே இருக்கிறது. பணி தொடங்க வேண்டிய நாள் நெருங்கியபோது, அழைத்த பேராசிரியருக்குத் தம்பி நிலைமையை எழுதினான். இதற்கும் வழி இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. தொடக்க நாள் கடந்துபோவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொண்டால், டிஎஸ்-2019ல் தேதியைத் தள்ளி எழுதிப் புதிய தாள் தருவார்கள். அவர்கள் இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள். எட்டாம் வாரத்தில் பாஸ்போர்ட்டைக் கேட்டுச் செய்தி வந்தது. விசா ஒட்டப்பட்ட பாஸ்போர்ட் வந்து சேர்ந்த அன்று அஸருக்குப் பெரியவர் முதல் ஸஃப்பில் என் பின்னால் நின்றார். தொழுகை முடிந்ததும் ஒன்றும் பேசாமல், சட்டைப் பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

தொடக்க நாளுக்கு முப்பது நாள் முன்பிருந்தே அந்நாட்டில் நுழையலாம். தம்பி பத்து நாள் முன்னதாகப் புறப்பட்டான். புறப்படும் முன்னிரவு பைத்துல்மால் கணக்கு நோட்டை என்னிடம் ஒப்படைக்க வந்தான். நான்கு ஆண்டு வரவும் செலவும் அவனுடைய சிறிய கையெழுத்தில் பைசா சுத்தமாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் மட்டும் திருமுல்லைவாயல் கடைக்காரர் ஒருவரிடம் அரிசி வாங்கிய வகையில் 340 ரூபாய் பொருந்தவில்லை. கடைக்காரர் ஊருக்குப் போயிருக்கிறாராம். அந்தத் தொகையை வட்டமிட்டு, அருகில் பென்சிலால் எழுதியிருந்தான்: 'வந்ததும் கேட்டுச் சரிசெய்ய வேண்டும்.'